மில்க்வீட் விதை முளைக்கவில்லை, எந்த வகையை வைக்கலாம்?

தோட்டக்கிறுக்கு:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பின்னால் நாள் முழுக்க வெயில் விழும் இடம் கொஞ்சம் சும்மா கிடக்கிறது, அங்கே மில்க்வீட் (நம்மூர் எருக்கின் உறவு, ஒடித்தால் பால் வடியும் செடி) போட்டு வண்ணத்துப்பூச்சிகளை, முக்கியமாக ஆரஞ்சும் கறுப்புமான மொனார்க்கை, வரவழைக்க ஆசை. வருடா வருடம் விதைக்க முடியாது, ஒரு தடவை வைத்தால் தானாகத் துளிர்க்கும் வகைதான் வேண்டும். குளிர்காலத்தில் மண் உறையும் ஊர் இது. பாக்கெட் விதையைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்து வந்தேன், ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. விதை பழசா? அப்புறம், புழு வந்து இலையை மொட்டையடித்துவிடும் என்கிறார்கள், அதற்கு என்ன மருந்து அடிப்பது?

பூச்சிப்பித்தன்:
கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் புழுதான் உங்கள் வண்ணத்துப்பூச்சி! மொனார்க் புழு மில்க்வீட் குடும்பத்து இலையைத் தவிர வேறு எதையும் தின்று வளராது, தாய் அதனால்தான் அந்தச் செடியைத் தேடி வந்து இலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கிறது. மூன்று நான்கு நாளில் பொரியும், இரண்டு வாரம்போலத் தின்றுகொண்டே இருக்கும், பிறகு பெரும்பாலும் செடியை விட்டு நகர்ந்து போய் வேலியிலோ சுவரிலோ பச்சைக் கூடாகத் தொங்கும். இலைப்பாலில் உள்ள நச்சு புழு உடம்பில் சேர்ந்துவிடுவதால் பறவைகள் வாய்வைக்கத் தயங்கும். மருந்து அடித்தால் இத்தனையும் போச்சு. வேப்பெண்ணெய், பிடி (Bt) என்ற பாக்டீரியா மருந்து போன்ற ‘இயற்கை’ மருந்துகளும் புழுவைக் கொல்லும், அந்த லேபிளை நம்ப வேண்டாம். ஒரே செடி வைத்தால் நாலு புழு சேர்ந்து காலி செய்துவிடும், அதனால் கூட்டமாக வையுங்கள். மொட்டையான செடி மறுபடி துளிர்க்கும், கவலை வேண்டாம்.

மண்வெட்டி:
விதை பழசாக இருக்க வேண்டியதில்லை. குளிர்ப் பிரதேச மில்க்வீட் விதை குளிரில் கிடந்து எழுந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஈரமான காகிதத் துணியில் சுற்றி, பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வைத்துவிட்டு விதையுங்கள். அதற்கும் சோம்பலாக இருந்தால் இலையுதிர் காலத்தில் நேராக மண்ணில் தூவி மெலிதாக மண் போட்டு விடுங்கள், மீதியைப் பனி பார்த்துக்கொள்ளும்.

வகைக்கு வருவோம். மண்ணில் ஈரம் நிற்கும், களிமண் என்றால் அஸ்கிலிபியஸ் இன்கார்னேட்டா, இளஞ்சிவப்புப் பூ, ஆள் மார்பு உயரம் வரும். வறண்ட, நீர் வடியும் மண் என்றால் டியூபரோசா, ஆரஞ்சுப் பூ, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும், பார்க்க இதுதான் அழகு. ஆனால் அதற்கு ஆழமான ஆணிவேர், இடம் மாற்றினால் முறைத்துக்கொள்ளும், வைக்கும்போதே இடத்தை முடிவு செய்துவிடுங்கள். மூன்றாவது சிரியாக்கா. மொனார்க்குக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் தரைக்கடியில் ஓடி எங்கோ தள்ளிக் குட்டி போடும், சின்னத் தோட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன். என் வாக்கு இன்கார்னேட்டாவுக்கு, ஓரத்தில் கொஞ்சம் டியூபரோசா.

ஒன்று மட்டும்: வசந்தத்தில் மற்றதெல்லாம் துளிர்த்த பிறகுதான் இது மெதுவாக எழும். செத்துவிட்டது என்று பலர் தோண்டி எறிவது அப்போதுதான், ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் முதல் வருடம் பூவை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

தோட்டக்கிறுக்கு:
அடடா, மருந்து வாங்கவில்லை, பிழைத்தது! களிமண்தான், அப்போ இன்கார்னேட்டா. நாற்றாகவே வாங்கி வைக்கலாமா? தண்டு முழுக்க மஞ்சளாக ஏதோ மொய்த்த படங்களையும் பார்த்தேன், அதுவும் புழுவா?

செவ்வந்தி:
அது அசுவினி. மில்க்வீட் வைத்தால் அதுவும் வந்தே தீரும், அசிங்கமாக இருக்குமே தவிர வளர்ந்த செடியைக் கொல்வது அபூர்வம். இலையடியில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் உதிரும், அல்லது கையுறை போட்டு நசுக்குங்கள். வெறுங்கையில் வேண்டாம், அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் சாதாரணமாக இருக்காது, பார்வையே மங்கலாகி மருத்துவரைப் பார்க்க வேண்டி வரும்.

நாற்று வாங்கலாம், ஆனால் பூச்சிமருந்து போடாதது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நியோநிகோட்டினாய்டு வகை செடிக்குள்ளேயே ஊறிப்போய் இலையிலும் பூந்தேனிலும் இருக்கும், கழுவினால் போகாது. அப்புறம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் குராசாவிக்கா என்ற வெப்பமண்டல மில்க்வீட் நாற்றைக் கொடுத்து ஏமாற்றப் பார்ப்பார்கள். உறைபனி அதைக் கொன்றுவிடும், நீங்கள் கேட்ட பல்லாண்டுச் செடி அது இல்லை. குளிர் இல்லாத ஊர்களில் வேறு சிக்கல்: வருடம் முழுக்கப் பச்சையாக நிற்பதால் ஓஇ என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் இலையில் சேர்ந்துகொண்டே போகும், அதைத் தின்ற புழு இறக்கை சுருண்ட பூச்சியாக வெளிவரலாம். அங்கே இருப்பவர்கள் இலையுதிர் காலத்தில் ஒரு சாண் விட்டு வெட்டிவிட வேண்டும்.

பூச்சிப்பித்தன்:
செவ்வந்தி சொன்னதோடு இன்னொன்று. மில்க்வீட் பூ கொஞ்ச காலம்தான், வளர்ந்த பூச்சிக்கு அதற்கு முன்னும் பின்னும் தேன் வேண்டும். சூரியகாந்தி, ஜின்னியா, ஆஸ்டர் என்று ஒன்று மாற்றி ஒன்று பூக்கிற மாதிரி பக்கத்திலேயே போடுங்கள். ஆஸ்டர் கடைசியில் பூக்கும், தெற்கே கிளம்பும் மொனார்க்குகளுக்கு அது நல்ல தீனி. காற்று அடிக்கிற இடமென்றால் ஒரு பக்கம் புதர் வையுங்கள்.