சாவைக் காட்டிப் படம் விற்றார்களா? 19-ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோ விளம்பரங்கள்

கணக்குப்பிள்ளை:
அமெரிக்காவில் டாகுரோடைப் (உலோகத் தகட்டில் படம் எடுத்த பழைய முறை) காலத்து ஸ்டூடியோ விளம்பரங்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: 'உருவம் மறையும் முன்னே நிழலைப் பிடித்து வையுங்கள்.' வீட்டில் யாராவது சாவதற்குள் வாருங்கள் என்பதுதான் இதன் பச்சையான அர்த்தம். 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் புகைப்படக்காரர் மாத்யூ பிரேடி, எப்போது காலம் கடந்துவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது என்ற பொருளில் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் விளம்பரம் போட்டார். பிள்ளையைப் போருக்கு அனுப்பும் பெற்றோருக்குத்தான் அந்த வலை. பயத்தைக் காசாக்கும் வேலை இது.

மேகலை:
அந்தப் போரில் செத்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். பிரேடி சொன்னதில் எது பொய், சார்? குழந்தை இறந்த பிறகு ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுத்த குடும்பங்கள் எத்தனையோ. உயிரோடு இருக்கும்போதே வாருங்கள் என்று கூப்பிட்டது தப்பா?

கணக்குப்பிள்ளை:
பொய் என்று நான் எங்கே சொன்னேன்? உண்மையைச் சொல்லியும் கழுத்தில் கத்தி வைக்கலாம். பாரிஸ் புகைப்படக்காரர் நதாரைப் பாருங்கள் (பெயரை எப்படி எழுதினாலும் இங்கே யாராவது சிரிப்பீர்கள்). 1860-இல் கபுசீன் சாலைக்குக் குடிபோனவர், தன் கையெழுத்தையே பெரிய சிவப்பு எழுத்தில் கட்டட முகப்பில் வைத்தார், இரவில் கேஸ் விளக்கு வெளிச்சத்தோடு. அந்தப் பெயருக்காகச் சொந்தத் தம்பி மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தவர். விளம்பர வெறிதான், ஆனால் சாவை இழுக்கவில்லை.

பழைய அட்டை:
இருவருமே டாகுரோடைப்பின் குணத்தை மறந்துவிட்டீர்கள். அது வெள்ளி பூசிய செம்புத் தகடு. நெகட்டிவ் கிடையாது, ஒரு தடவை எடுத்தால் ஒரே படம். இப்போது விட்டால் போச்சு என்று கத்தினால்தான் வியாபாரம். 1854-இல் பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர் சின்ன அட்டைப் படத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படம் வரை எடுக்கலாம், வேண்டிய பிரதி போடலாம். அப்புறம் விளம்பரம் அட்டையின் பின்பக்கத்துக்கே போய்விட்டது: பெயர், விலாசம், கண்காட்சியில் வாங்கிய பதக்கங்கள், அரச முத்திரை. வாங்கியவர் பத்து உறவினருக்குக் கொடுப்பார், பத்து ஆல்பத்திலும் ஸ்டூடியோ பெயர் குடியேறிவிடும். செலவு வாடிக்கையாளருடையது! பயம் தேவைப்படவில்லை.

மேகலை:
ஐயா, அந்தப் பின்பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்குமே: 'நெகட்டிவ் பத்திரமாக உள்ளது, எப்போது வேண்டுமானாலும் பிரதி கிடைக்கும்.' ஆள் போன பிறகு அதிகம் தேடி வருவது எந்தப் பிரதியை?

பழைய அட்டை:
கல்யாணம், வேலைக்கு விண்ணப்பம் என்று நூறு காரணத்துக்கு வருவார்கள். எல்லாவற்றிலும் பாடை கட்டாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மேகலை என் கட்சிக்கு வந்துவிட்டார் போலிருக்கிறதே!

மேகலை:
வரவில்லை. பாட்டிக்கு ஒரு படம்கூட இல்லாத வீடு எங்களுடையது. யாராவது அப்படிப் பயமுறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய அட்டை சார், உங்களிடம் உள்ளவற்றின் பின்பக்கத்தை ஸ்கேன் செய்து போடுங்கள், பதக்கங்களையாவது எண்ணுவோம்.