டெலியா டெர்பிஷைர்: இசையமைப்பாளரா, ஒலிப்பதிவாளரா?

கேள்வி

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். அதற்கு உருக்கொடுத்த டெலியா டெர்பிஷைர் 2001 ஜூலையில் தம் 64ஆம் வயதில் மறைந்துவிட்டார் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். ஆனால் மெட்டமைத்தவர் ரான் கிரெய்னர் என்கிறார்கள். அப்படியானால் டெர்பிஷைரை மின்னணு இசையின் முன்னோடி என்று போற்றுவது எந்த அளவுக்குச் சரி? அவர் செய்தது இசையமைப்பா, ஒலிப்பதிவு வேலையா?

மறுமொழி 1

மெட்டு கிரெய்னருடையதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அவர் கொடுத்தது ஒரு தாளில் அடங்கிய சுரக்குறிப்பும், காற்று, மேகம் என்பது போன்ற சில சொற்களும் மட்டுமே. மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும், விசைப்பலகை வைத்த சிந்தசைசர் கடையில் கிடைக்காத காலம் அது. ஒற்றைக் கம்பியை மீட்டிய ஒலி, கருவிகளைச் சோதிக்க ஒரே சீரான ஒலியை எழுப்பும் ஆசிலேட்டர் என்ற மின்கருவியின் ஒலி, எல்லா அதிர்வெண்களும் கலந்த ‘உஸ்’ என்னும் வெற்றிரைச்சல் ஆகியவற்றைக் காந்த நாடாவில் பதிந்து, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே உண்டாக்கி, பிளேடால் வெட்டி, ஒட்டி டெர்பிஷைர் அந்த இசையைக் கட்டினார். வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை வினாடிச் சுரம் என்றால் ஏழரை அங்குலத் துண்டு. கால் அங்குலம் பிசகினாலும் தாளம் இடறும். அடிச்சுரம், மெட்டு என ஒவ்வொன்றும் தனி நாடாவில் இருந்ததால், எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுத்தான் கலக்க முடிந்தது. ஓரிடத்தில் ஒலிகள் சேராமல் போனபோது, அவரும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை நடைகூடத்தில் நீளமாக விரித்து, எந்த ஒட்டு தவறு என்று கண்ணாலேயே தேடியிருக்கிறார்கள். இதை வெறும் பதிவு வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 2

முகப்பிசையோடு நின்றுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். சகாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு அவர் செய்த இசைதான் அவருடைய ஆளுமையை முழுதாகக் காட்டுகிறது என்பேன். அலுவலகத்தில் கிடந்த ஒரு பச்சை நிற உலோக விளக்குமூடியைத் தட்டி, தட்டிய சத்தத்தை நீக்கிவிட்டு, பின்னால் நீளும் ரீங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு அந்த ரீங்காரத்துக்குள் இருக்கும் அதிர்வெண்களைப் பிரித்தறிந்து, வலுவான பன்னிரண்டை மட்டும் தெரிந்து, பன்னிரண்டு ஆசிலேட்டர்களில் மீண்டும் எழுப்பினார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்றவர் என்பதை இங்கே காதாலேயே உணரலாம். (படித்து முடித்ததும் வேலை கேட்டுப் போன டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம், ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்று திருப்பி அனுப்பியதாம்.)

மறுமொழி 3

ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். நாடாவை வெட்டி இசை செய்யும் முறை அவருடைய கண்டுபிடிப்பு அன்று. பாரிஸில் பியேர் ஷேஃபர் 1948இலேயே பதிவுசெய்த ஒலிகளைக் கொண்டு இசை படைத்துவிட்டார். டெர்பிஷைர் 1962இல் சேர்ந்த, நிகழ்ச்சிகளுக்கான ஒலிகளையும் இசையையும் உருவாக்கிய பிபிசி பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பை 1958இல் தொடங்கியவர்களில் டாஃப்னி ஓரம் என்ற பெண்மணியும் ஒருவர். எனவே ‘முதல்வர்’ என்று சொல்லாமல், அந்த ஒலியை வீட்டு வரவேற்பறை வரை கொண்டுசேர்த்தவர் என்பதே பொருத்தம்.

உரிமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். முடிந்த இசையைக் கேட்டு வியந்த கிரெய்னரே, டெர்பிஷைரை இணை இசையமைப்பாளராகச் சேர்க்க முயன்றார். ஒர்க்‌ஷாப் ஊழியரின் பெயரைத் தனியே போடுவதில்லை என்பது அன்றைய பிபிசி வழக்கம் என்பதால் அது நடக்கவில்லை. திரையில் அவருடைய பெயர் முகப்பிசைக்காக வந்தது 2013இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று மீண்டும் காதொலிப்பானில் கேட்டேன். அடிச்சுரங்கள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கம்பியை விரல் விடுவிக்கும் அந்தச் சிறு நறுக்கு கேட்கிறது. இத்தனை நாளும் அதை ஏதோ விசைக்கருவி என்றே எண்ணியிருந்தேன்.