டாங்க் ஒரு சிவப்பு, சைடு பேனல் ஒரு சிவப்பு: முழு செட்டையும் அடிக்க வேண்டுமா?

திண்டுக்கல்பயணி:
வணக்கம். என் பைக் 2016 மாடல், 150 சிசி, மெட்டாலிக் அடர் சிவப்பு. கடைவீதியில் நிறுத்தியிருந்தபோது பின்னால் வந்த சரக்கு ஆட்டோ ஒன்று தள்ளிவிட்டதில் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. டாங்கில் உள்ளங்கை அகலத்துக்கு டொக்கு, இடது சைடு பேனலில் ஆழமான கீறல். பட்டறையில் டொக்கு எடுத்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்து, அந்த இரண்டையும் மட்டும் பெயிண்ட் அடித்துத் தந்தார்கள். மாலையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் வாங்கும்போது எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் டாங்க் கருஞ்சிவப்பு, வலது பேனலும் பின் பேனலும் வெளிறிய சிவப்பு. கேட்டதற்கு, முழு செட்டையும் அடித்தால்தான் ஒன்றாக வரும், அதற்குத் தனிப் பணம் என்கிறார்கள். இது நியாயமா? முழுவதும் அடிப்பதுதான் ஒரே வழியா?

பட்டறைக்காரன்:
தம்பி, நான் இதே தொழிலில் இருப்பவன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். பட்டறைக்காரர் சொன்னது சரி. 2016 வண்டி இத்தனை வருடம் வெயில் தின்றிருக்கிறது. நிறங்களில் சீக்கிரம் வெளுப்பது சிவப்புதான். கம்பெனி நிறத்தை அப்படியே கொண்டுவந்து அடித்தாலும் பக்கத்துப் பேனல் பழையதாகத்தான் தெரியும். அதற்கு மேல் இது மெட்டாலிக். பெயிண்டுக்குள் அலுமினியத் துகள் இருக்கிறது. ஈரமாக அடித்தால் துகள் உள்ளே அமிழ்ந்து நிறம் கருக்கும், உலர்வாக அடித்தால் மேலே நின்று வெளிறும். ஒரே டப்பாவில் எடுத்த பெயிண்டையே ஸ்ப்ரே கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அடித்தால் வேறு சிவப்பு வந்துவிடும். பேனல்களை எல்லாம் கழற்றி வரிசையாகத் தொங்கவிட்டு, ஒரே கலவையில், ஒரே கையால், ஒரே நாளில் அடித்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நிறக்கலவை:
இதை நான் ஏற்கவில்லை. பெயிண்ட் கலந்து கொடுக்கும் கடையில் வேலை செய்கிறேன். நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி பெயிண்டைத் தேய்த்து எடுப்பதுதான் இதில் பெரிய நட்டம். தொழிற்சாலையில் தூசி புகாத அறையில் அடித்து, அடுப்பில் வாட்டி எடுத்த பூச்சு அது. திறந்த பட்டறையில் அடித்த பூச்சு அந்த உறுதிக்கு வருவது அரிது. நிறம் சேரவில்லை என்பதற்காக அடிபடாத வலது பேனலையும் மட்கார்டையும் பலி கொடுக்க வேண்டியதில்லை.

டாங்க் அடர்ந்து வந்ததற்குக் காரணம் வெயிலில் வெளுத்தது மட்டும்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். திண்டுக்கல்பயணி, சீட்டைக் கழற்றி, வெயில் படாத மறைவான ஓரத்தில் கொஞ்சம் ரப்பிங் கம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுத் துடைத்துப் பாருங்கள். வலது பேனலின் வெளிப்புறத்திலும் ஒரு மூலையில் அப்படியே செய்யுங்கள். நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான பழைய கிளியர் கோட்டின் மேல் படிந்த அழுக்கும் மங்கலும் போனால்தான் உண்மையான நிறம் தெரியும். மங்கிய பேனலைத் துடைக்காமல் பக்கத்தில் வைத்து நிறம் கலக்கும் பட்டறைகள் ஏராளம்.

இன்னொன்று, ட்யூப்லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரிகிறது என்றீர்களே, அது வெறும் கருமை வேறுபாடாக இருந்தால் இரண்டு வெளிச்சத்திலும் தெரிந்திருக்கும். கம்பெனி பயன்படுத்திய நிறமிகள் வேறு, பட்டறையில் கலந்த நிறமிகள் வேறு என்றால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். கையில் இருந்த இரண்டு மூன்று சிவப்புகளைக் கலந்து கண்மட்டத்தில் ஒப்பேற்றியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பட்டறைக்காரன்:
கண்மட்டம் என்று அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் ஐயா. காருக்கு நிற எண் கொடுத்தால் கடையில் கணினி சூத்திரம் தந்துவிடும். பைக்குக்கு அப்படியா? பல மாடல்களுக்கு எண்ணே கடையின் பட்டியலில் இருக்காது. இருந்தாலும் ஒரே எண்ணில் கொஞ்சம் மஞ்சள் சாய்ந்தது, கொஞ்சம் கருத்தது என்று மாறுபாடுகள் வரும். கடைசியில் நீங்களும் கண்ணால் பார்த்துத்தான் ஒரு துளி கறுப்பு, ஒரு துளி வெள்ளி என்று சேர்க்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் நிறம் அளக்கும் கருவியைத் தட்டையான கார் கதவில் வைத்தால் சரியாக அளக்கும். வளைந்த டாங்க் மேல் அது சரியாக உட்காரவே உட்காராது.

நிறக்கலவை:
டாங்கில் ஏன் வைக்க வேண்டும்? ஒப்பிட வேண்டியது பழைய பேனலோடுதான். அதில் தட்டையான இடம் கிடைக்கும். மெட்டாலிக்குக்காகவே பல கோணங்களில் அளக்கும் கருவிகள் உண்டு. ஆனால் கருவி தருவது தொடக்கப் புள்ளிதான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் வாதம் அட்டை பற்றியது.

கலந்த பெயிண்டை நேராக டாங்கில் அடிக்கக் கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சோதனை அட்டையில், டாங்கில் அடிக்கப்போகும் அதே கன், அதே காற்றழுத்தம், அதே தூரத்தில் அடிக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் மறையும் வரை எத்தனை கோட் ஆயிற்று என்று அட்டையின் பின்னால் எழுதிக்கொள்ள வேண்டும். சிவப்பு எளிதில் மறைக்காது. அடியில் இருக்கும் முதல் பூச்சான பிரைமர் வெளிர் சாம்பலா, அடர் சாம்பலா என்பதுகூட மேலே தெரியும். பிறகு அட்டையில் பாதிக்கு மட்டும் கிளியர் அடித்து உலரவிட வேண்டும். கிளியர் ஏறியதும் நிறம் ஆழமாகும், அதனால் கிளியர் இல்லாத பெயிண்டை கிளியர் உள்ள பேனலோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய், பேனல் மேல் வைத்து நேராகவும் சாய்வாகவும் பார்க்க வேண்டும். நேரே பார்க்கும்போது ஒத்துப்போய்ச் சாய்த்துப் பார்க்கும்போது கருத்தால், துகளின் அளவோ அது படுத்திருக்கும் விதமோ வேறு என்று பொருள். டாங்கைத் தொடும் முன்பே இதெல்லாம் தெரிந்துவிடும்.

பட்டறைக்காரன்:
சொல்வதெல்லாம் சரி. ஆனால் அட்டை அடிக்க, உலரவிட, திரும்பக் கலக்க என்று அரை நாள் போகும். ஒரு டாங்குக்கும் ஒரு பேனலுக்கும் வருகிறவர் அந்த அரை நாள் கூலியைத் தருவாரா? "பக்கத்துக் கடையில் பாதி விலை" என்று கிளம்பிவிடுவார். முழு செட் அடித்தால் எனக்கு வேலையும் நிம்மதி, அவருக்கும் பார்க்க நிறைவு.

பழையவண்டி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவன். நீங்கள் இருவருமே கம்பெனியில் இருந்து வரும்போது எல்லாம் ஒரே நிறம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். டாங்க் தகரம், சைடு பேனல் பிளாஸ்டிக். தகரத்தை வாட்டும் சூட்டில் பிளாஸ்டிக்கை வைத்தால் உருகிவிடும் என்பதால் இரண்டையும் தனித்தனியாக, வேறு வேறு பெயிண்டில்தான் அடிக்கிறார்கள். ஷோரூமில் நிற்கும் புது வண்டியை நடுப்பகல் வெயிலில் குனிந்து பாருங்கள், டாங்குக்கும் பேனலுக்கும் மெல்லிய வேறுபாடு தெரியும். நடுவில் இடைவெளியும் வளைவும் ஸ்டிக்கரும் இருப்பதால் கண் அதைப் பொறுத்துக்கொள்கிறது. கண் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குள் கொண்டுவந்தால் போதும்.

நிறத்தைவிட எனக்குக் கவலை வேறு. அடித்தது தின்னர் ஆவியாகி உலரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டா, இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டா என்று கேட்டீர்களா? டாங்க் மூடியருகே பெட்ரோல் சிந்தாமல் எந்த வண்டியும் இல்லை. மேலே ஹார்ட்னர் கிளியர் இல்லாவிட்டால் சிந்திய இடம் இளகிக் கறைபடும், ஒரு வருடத்தில் திரும்ப அடிக்க வேண்டியதுதான். மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியால் லேசாக ஒற்றிப் பாருங்கள். நிறம் துணியில் வந்தால் என்.சி.

திண்டுக்கல்பயணி:
எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன். சீட்டுக்கு அடியில் துடைத்த இடமும் வலது பேனலில் துடைத்த மூலையும் ஏறக்குறைய ஒரே சிவப்பு. பேனல் அவ்வளவாக வெளுக்கவில்லை, மேலே மங்கல்தான் இருந்திருக்கிறது. புதிதாக அடித்த டாங்க் இரண்டைவிடவும் கருப்பு. தின்னர் துணியில் சிவப்பு வரவில்லை. ஒரு சந்தேகம்: இன்ஷூரன்ஸில் முழு செட்டுக்குக் கேட்கலாமா?

நிறக்கலவை:
விபத்தில் அடிபடாத பேனலுக்கு இன்ஷூரன்ஸ் தராது. அடிபட்டதற்கும் பெயிண்டிங் பில்லில் பொருளின் விலைக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். மொத்தமாக ஒரே பில் கொடுத்தால் அதில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாகக் கணக்கிடுவார்கள். 4,000 ரூபாய் பில் என்றால் பொருள் 1,000, அதில் 500 கழியும். ஆனால் கிளெய்ம் செய்தால் கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அடுத்த ஆண்டு போய்விடும். இவ்வளவு சிறிய வேலைக்குக் கேட்பதில் பெரிதாக மிச்சம் இருக்காது.

உங்கள் சோதனையில் என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பேனல் வெளுக்கவில்லை, கலவைதான் தவறு. அப்படியானால் முழு செட்டுக்குத் தனிப் பணம் கேட்பதில் நியாயமில்லை. வலது பேனலைக் கழற்றி, பாலிஷ் போட்டு, பட்டறையில் கொடுத்து, இதற்குச் சேரும் அட்டையைப் பகல் வெளிச்சத்தில் காட்டிவிட்டு டாங்கை அடிக்கச் சொல்லுங்கள். இப்போதிருக்கும் கிளியர் உறுதியாக இருப்பதால் உரித்தெடுக்க வேண்டாம். வாட்டர் பேப்பரில் மங்கலாகத் தேய்த்து அதன் மேலேயே பேஸ் கோட் (நிறப் பூச்சு) அடிக்கலாம்.

பட்டறைக்காரன்:
துடைத்த இடமும் மறைந்த இடமும் ஒன்றாக இருந்தால், சரி, அந்த டாங்கை அவர்கள் இலவசமாகத் திரும்ப அடித்துத் தர வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பி, அட்டைக்கான நேரத்துக்குக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுக்கிறவர் இல்லாததால்தான் நாங்கள் முழு செட் என்று ஆரம்பிக்கிறோம். இன்னொன்று, ஹார்ட்னர் கிளியரை நீங்களே வீட்டில் அடித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் ஐசோசயனேட் என்ற, மூச்சைப் பாதிக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்து மூச்சிரைப்பு வந்து தொழிலை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

திண்டுக்கல்பயணி:
நாளை பேனலைக் கழற்றிக் கொண்டுபோகிறேன். அட்டைக் கூலி தருவதாகவும் சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு மேல், வாசலில் வெயிலில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினால்தான் அடிக்கச் சம்மதிப்பேன்.