சித்திரை வெயிலில் டயர் காத்தைக் குறைக்கணும்னு யார் சொன்னது?

வாசல்தூண்:
போன வாரம் இங்கே ஓய்வு_ஹவில்தார் ஐயா "துப்பாக்கிக்கும் காருக்கும் ஒரே ஒழுக்கம்" என்று பத்து அறிவுரை எழுதியிருந்தார். துப்பாக்கியைக் காலியாக வை, தோட்டாவை வேறு அலமாரியில் பூட்டு, ஆயில் மாத்தின கிலோமீட்டரை நோட்டில் குறி. எல்லாம் சரி. ஏழாவதாக ஒண்ணு போட்டார் பாருங்க: "வெயில் காலத்தில் டயரில் 4 பாயிண்ட் காற்றைக் குறைத்துக்கொள்ளவும். சூட்டில் காற்று விரியும், டயர் வெடிக்கும்."

அதை நம்பி என் மச்சான் 32 பாயிண்ட் (psi, காத்தழுத்த அளவு) பிடிக்க வேண்டிய வண்டியில் 28 பிடிச்சுக்கிட்டு, குடும்பத்தோட சென்னையிலிருந்து சமயபுரத்துக்குக் கிளம்பினான். பெரம்பலூர் தாண்டி பாடாலூர் வர்றதுக்குள்ள பின்பக்க இடது டயர் பக்கவாட்டுல கிழிஞ்சுது. நடுத்திட்டுல ஏறி நின்னுச்சு வண்டி. கைக்குழந்தை உள்ளே இருந்தது. யாருக்கும் ஒண்ணும் ஆகல, மாரியம்மன் காப்பாத்துனா.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எத்தனை பாயிண்ட்னு அதில் போட்டிருக்கும். சில வண்டியில் பெட்ரோல் மூடிக்கு உள்ளே இருக்கும். அதில் சித்திரைக்கு ஒண்ணு, மார்கழிக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கா? ஏழாவதை இன்னிக்கே எடுங்க ஐயா.

ஓய்வு_ஹவில்தார்:
தம்பி, குடும்பம் நலமாக இருப்பது ஆண்டவன் கருணை. ஆனால் குடும்பத்தோடு என்றால் எத்தனை பேர் என்று எழுதவில்லையே. ராஜஸ்தானில் பார்மர் பக்கம் நான் ஜோங்கா என்ற ராணுவ ஜீப் ஓட்டியவன். காற்றைக் குறைத்துத்தான் ஓட்டினோம். ஒரு டயர் வெடித்ததில்லை. துப்பாக்கிக் குழல் சூடானால் சுடுவதை நிறுத்தி ஆறவிடுவோம். சூடு ஏறும் பொருளுக்கு இடம் கொடுக்க வேண்டும். குழலுக்கும் அதுதான், டயருக்கும் அதுதான்.

வாசல்தூண்:
பார்மர்ல காத்தைக் குறைச்சது மணல்ல புதையாம இருக்கறதுக்கு ஐயா, வெயிலுக்காக இல்ல. காத்து குறைஞ்சா டயர் தட்டையாகி அகலமா உட்காரும், மணல் தாங்கும். அங்கே என்ன வேகம் போயிருப்பீங்க, 20? தார் ரோடு வந்ததும் திரும்பக் காத்துப் பிடிச்சீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

நாமக்கல்_பாடி:
ஏனுங்க, எங்கப்பாரு காலத்துல இருந்து லாரி ஓடுதுங்க எங்க ஊட்டுல. வெயில்ல காத்து குறைச்சுத்தானுங்க போகோணும். நாக்பூர் லோடுக்குப் போறப்ப மே மாசத்துல 5, 6 பாயிண்ட் குறைச்சு உடுவோம். இதெல்லாம் ஸ்டிக்கரைப் படிச்சுட்டு வர்றதில்லீங்க. ரோட்டுல படிச்சதுங்க.

வாசல்தூண்:
லாரியில 120 பிடிக்கிற டயர்ல 5 போறதும், கார்ல 32 பிடிக்கிற டயர்ல 4 போறதும் ஒண்ணா அண்ணே? இது எட்டுல ஒரு பங்கு. அதுவும் போகட்டும். நாக்பூர் ரோட்டோரம் பாம்புச் சட்டை மாதிரி டயர் தோல் கிடக்குதே, அது யார் டயர்? காத்து கம்மியா ஓடுனா டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சுட்டுத் தொட்டுப் பாருங்க, சுடும். அந்தச் சூடுதான் தோலை உரிக்குது. வெளியில அடிக்கிற வெயில் அதுக்கு மேல.

நாமக்கல்_பாடி:
அது ரீட்ரெட் டயருங்க, தேஞ்ச டயரு மேல புதுத் தோல் ஒட்டுனது. பட்டன் ஒட்டுனது சரியில்லீன்னா உரியத்தான் செய்யும். லாரி டயரப் பத்தி எங்களுக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா? கம்பியில தட்டுனா சத்தத்துலயே எந்த டயர்ல காத்து எறங்கியிருக்குன்னு எங்க கிளீனர் பையன் சொல்லுவான்.

கணக்குவாத்தியார்:
இரு தரப்பும் ஒரு நிமிடம் பொறுங்கள். ஸ்டிக்கரில் இருப்பது டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டிய அழுத்தம். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். இப்போது கணக்கு. மானியில் 32 என்றால் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ஐயும் சேர்த்து உண்மையில் 46.7. காலையில் டயர் 30 டிகிரி, ஓடியபின் 60 டிகிரி என்று கொள்வோம். கெல்வினில் 303, 333. 46.7-ஐ 333-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 51.3. அதிலிருந்து 14.7 போக 36.6. அதாவது ஏறுவது ஏறத்தாழ நாலரை பாயிண்ட். கார் டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 44 அல்லது 51 என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்கும் 36.6-க்கும் எவ்வளவு தூரம்!

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். நீங்கள் "குறைப்பது" என்று சொல்வது ஆறிய டயரிலா, ஓடிச் சூடான டயரிலா?

ஓய்வு_ஹவில்தார்:
வாத்தியாரே சொல்லிவிட்டார், நாலரை பாயிண்ட் ஏறுகிறது என்று. நான் 4 குறைக்கச் சொன்னேன். கணக்கு என் பக்கம்.

வாசல்தூண்:
ஐயா, ஏறும்னு தெரிஞ்சுதான் ஸ்டிக்கர்ல 32 போட்டிருக்கான்! நீங்க எதுக்கு இன்னொரு தடவை கழிக்கிறீங்க? கதவைத் திறந்து தூணைப் பாருங்க.

கணக்குவாத்தியார்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பச்சைமூடி:
இதுக்கெல்லாம் ஒரே தீர்வு நைட்ரஜன். மூணு வருஷமா நைட்ரஜன்தான் பிடிக்கிறேன். சூட்டுல விரியவே விரியாது. யமுனா எக்ஸ்பிரஸ்வேல, 165 கிலோமீட்டரும் சிமென்ட் ரோடு, அங்கேயே நைட்ரஜன்தான் பிடிக்கச் சொல்றாங்க.

வாசல்தூண்:
வந்துட்டாரு பச்சை மூடி. நீங்க சுவாசிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் சார். மிச்சத்துக்குக் காசு கொடுக்கிறீங்க. சூட்டுக்கு அதுவும் இதே அளவுதான் ஏறும், வாத்தியார் போட்ட அதே கணக்கு. கசியறது கொஞ்சம் மெதுவா இருக்கும், உள்ளே ஈரம் இருக்காது, அவ்வளவுதான். ஊர்ல நைட்ரஜன் கடை இல்லைன்னு 26-லயே ஓட்டிக்கிட்டு வர்ற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன்.

பச்சைமூடி:
நான் எப்போ 26-ல ஓட்டினேன்? ஆதாரம் காட்டுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி டீசல்-பெட்ரோல் விவாதத்துலயும் இதேதான் பண்ணினீங்க. சொல்லாததைச் சொன்னதா எழுதறது உங்க வழக்கம்.

மலைக்கோட்டை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நான் தினமும் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வேலைக்குக் கார் ஓட்டுறவ. என் வண்டித் தூணில் ரெண்டு எண் இருக்கு. ஆள் குறைவா இருந்தா ஒண்ணு, முழு லோடுன்னா பின் டயருக்குக் கூடுதலா ஒண்ணு. இந்த ரெண்டாவதைப் பத்தி யாருமே பேசலையே? ஊருக்குப் போகும்போது நாம எல்லாரும் முழு லோடுதானே?

நாமக்கல்_பாடி:
அதெல்லாம் உங்க ஊட்டுக்காரரைப் பாக்கச் சொல்லுங்க அக்கா. அவருக்குத் தெரியும்.

மலைக்கோட்டை:
என் வீட்டுக்காரருக்கு லைசென்சே கிடையாது. பதினோரு வருஷமா நான்தான் ஓட்டுறேன், ஸ்டெப்னியும் நான்தான் மாத்துறேன். டயர் பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ல் 23-ஆவது வாரம் தயாரானது. உங்க லாரி டயர்ல அது என்னன்னு நீங்க போய்ப் பார்த்துச் சொல்லுங்க. அக்கான்னு கூப்பிட்டுட்டு இப்படிப் பேசாதீங்க.

வாசல்தூண்:
மலைக்கோட்டை அக்கா சொன்னதுதான் விஷயமே. மச்சான் வண்டி ஸ்டிக்கர்ல முழு லோடுன்னா பின் டயருக்கு 36-னு போட்டிருந்துச்சு. அவன் பிடிச்சது 28. எட்டு பாயிண்ட் கம்மி. ஏழாவது அறிவுரையைப் படிச்சவன் 36-ஐ எங்கே பார்ப்பான்?

ஓய்வு_ஹவில்தார்:
ஆக, முழு லோடு! இப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. எத்தனை பேர் தம்பி? சொல்லுங்கள்.

வாசல்தூண்:
ஆறு பேர். கைக்குழந்தையோட.

ஓய்வு_ஹவில்தார்:
ஐந்து பேர் வண்டியில் ஆறு பேர். என் பத்தில் எதிலாவது ஆறு பேரை ஏற்றச் சொன்னேனா? உங்கள் மச்சான் 12 மில்லிமீட்டர் துப்பாக்கியில் வேறு தோட்டாவைத் திணித்துவிட்டு, துப்பாக்கி சரியில்லை என்பாரோ?

பச்சைமூடி:
ஐயா, 12 மில்லிமீட்டர் துப்பாக்கின்னு ஒண்ணு லைசென்ஸ்ல கிடைக்குதா? உங்களுடையது 12 போர் ஆச்சே.

ஓய்வு_ஹவில்தார்:
கை தவறி எழுதிவிட்டேன். எனக்கே பாடமா? 12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் அதில் ஓர் உருண்டை நுழையும் குழல். சுமார் 18.5 மில்லிமீட்டர். 1998-லிருந்து லைசென்ஸ் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறேன். 2019-க்கு முன்பு ஒருவர் மூன்று வைத்திருக்கலாம், இப்போது இரண்டுதான், புதுப்பிப்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இந்த ஒழுக்கம் உள்ளவன் காரைப் பற்றிப் பேசினால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

வாசல்தூண்:
துப்பாக்கியில உங்க ஒழுக்கத்தை நான் குறை சொல்லவே இல்ல ஐயா. பத்துல துப்பாக்கியைப் பத்தின அஞ்சு அறிவுரையையும் எங்க ஊர்ல தோட்டத்துத் துப்பாக்கி வச்சிருக்கிற பெரியப்பாவுக்கு நானே படிச்சுக் காட்டினேன். அதனாலதான் இன்னும் கோபம் வருது. துப்பாக்கியில சரியாச் சொல்றவர் டயர்லயும் சரியாத்தான் சொல்வார்னு மச்சான் நம்பினான். அதுசரி, ஒன்பதாவதா "தொலைதூரப் பயணத்தில் துப்பாக்கியை டிக்கியில் வைக்கலாம்"னு போட்டிருக்கீங்களே, லைசென்ஸ்ல எந்த எல்லை வரைக்கும் செல்லும்னு எழுதியிருக்கும்ல? மாவட்டம் மட்டும்னா?

ஓய்வு_ஹவில்தார்:
என் லைசென்ஸ் இந்தியா முழுமைக்கும். பேச்சை மாற்றாதீர்கள்.

வாசல்தூண்:
உங்களுக்கு இந்தியா முழுக்க. படிக்கிறவங்களுக்கு? "எல்லையைப் பார்க்கவும்"னு ஒரு வரி வேண்டாமா? தூண்ல ஸ்டிக்கரைப் பார்க்காத மாதிரியே இதுவும்.

நாமக்கல்_பாடி:
எல்லாம் சரிங்க, புது வண்டியில டயர் லைட்டு இருக்குதே, காத்து கம்மியானா எரியாதுங்களா? உங்க மச்சான் வண்டியில எரிஞ்சுதா? எரியலீன்னா காத்து சரியாத்தான் இருந்திருக்கு.

வாசல்தூண்:
மச்சான் வண்டியில அந்த லைட்டே கிடையாது. இருந்தாலும் கேளுங்க. அமெரிக்காவுல அந்த லைட்டைக் கட்டாயமாக்கினப்போ வச்ச அளவு, ஸ்டிக்கர்ல இருக்கிறதைவிட 25 சதவீதம் இறங்கினா எரியணும்னு. 32-க்கு 24 வந்தாத்தான். 28-ல எரியணும்னு கட்டாயம் இல்ல. அந்தச் சட்டமே ஏன் வந்துச்சு? ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள்ல ஃபயர்ஸ்டோன் டயர் உரிஞ்சு வண்டி உருண்டு 200 பேருக்கு மேல செத்தாங்க. 2000-ல 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கினாங்க. ஃபோர்டு போட்டிருந்த காத்து 26. டயர்காரன் 30 பிடிக்கச் சொன்னான். நாலு பாயிண்ட்! இதே நாலு!

கணக்குவாத்தியார்:
அங்கே டயரின் தயாரிப்பிலும் குறை இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். மேலும் அங்கே ஸ்டிக்கரிலேயே 26 என்றுதான் இருந்தது. அதாவது நீங்கள் பார்க்கச் சொல்லும் அதே தூணில்.

ஓய்வு_ஹவில்தார்:
சபாஷ் வாத்தியாரே! தூணே தப்பு!

வாசல்தூண்:
வாத்தியார் சார், நீங்க யார் பக்கம்?

கணக்குவாத்தியார்:
நான் யார் பக்கமும் இல்லை. ஆறிய டயரா, சூடான டயரா என்று கேட்டேன். இதோடு மூன்றாவது முறை.

நாமக்கல்_பாடி:
டயருன்னா டயருதானுங்க வாத்தியாரே.

மலைக்கோட்டை:
நாமக்கல் அண்ணே, 2319 பார்த்தீங்களா?

வாசல்தூண்:
அண்ணே, நீங்க இன்னும் நாக்பூர் ரோட்டுத் தோலுக்குப் பதில் சொல்லல. ஐயா, நீங்க தார் ரோடு வந்ததும் காத்துப் பிடிச்சீங்களான்னு சொல்லல. இன்னொண்ணு. மதியம் டோல்கேட் பக்கத்து பங்க்ல நின்னு, ஓடிச் சூடான டயர்ல 36 காட்டுதுன்னு நாலு பாயிண்ட் இறக்கிவிடறவங்க எத்தனையோ பேர். ராத்திரி டயர் ஆறினதும் அது 28-க்குப் போயிடும். காலையில அதோட கிளம்புவாங்க. இதுவும் ஏழாவது அறிவுரையோட வேலைதான்.

கணக்குவாத்தியார்:
இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

ஓய்வு_ஹவில்தார்:
ஆறு பேர்.

பச்சைமூடி:
நான் 26-ல ஓட்டினதா எழுதினதை இன்னும் வாபஸ் வாங்கல.

வாசல்தூண்:
ஆறு பேர்னா இன்னும் கூடுதலாத்தான் காத்து வேணும், கம்மியா இல்ல. ஏழாவது இன்னும் அங்கேயேதான் இருக்கு. இப்பதான் போய்ப் பார்த்துட்டு வர்றேன். அதுக்குக் கீழே ஒருத்தர் "நன்றி ஐயா, நாளைக்கே குறைத்துவிடுகிறேன்"னு எழுதியிருக்கார். தம்பி, நீங்க யாரா இருந்தாலும் இதைப் படிச்சா முதல்ல கதவைத் திறங்க, தூணைப் பாருங்க.

ஓய்வு_ஹவில்தார்:
அவர் பாலக்காட்டிலிருந்து எழுதுகிறார். அங்கே வெயில் வேறு.