1969 காமரோ 350: இன்ஜின் வேலை முடிந்தும் பிக்கப் இல்லை, நின்றால் சூடேறுகிறது

காமரோக்காரன்:

வணக்கம். எட்டு மாதமாக நானே பிரித்து நானே பூட்டிய இன்ஜின் இது. 1969 காமரோ, 350 கன அங்குல ஸ்மால் பிளாக், நாலு கியர் மேனுவல். போர் தேய்ந்திருந்ததால் 4 அங்குலத்துக்கு மேல் 0.030 கூட்டி ரீபோர் அடித்து (சிலிண்டரை அகலமாகக் கடைந்து), ஹானிங் செய்து (உள்சுவரைத் தேய்த்துப் பதமாக்கி) வாங்கினேன். ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் இறக்கி, ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து, வாய் இடைவெளி 0.016-க்குக் குறையாமல் அரத்தால் தேய்த்துச் சேர்த்தேன். ஐந்து மெயின் பேரிங்கையும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்தேன், எல்லாம் 0.0025-ஐ ஒட்டித்தான் இருந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் அதன் மேல் உட்காரும் லிஃப்டர்களும் புதியவை, ஃப்ளாட் டாப்பெட் (உருளை இல்லாத தட்டை அடி) வகை, கேம் மிதமானதுதான். டிஸ்ட்ரிபியூட்டர், நாலு பேரல் ஹோலி கார்புரேட்டர், கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் மூன்றும் பழையவை. கழுவிப் பெயிண்ட் அடித்து மாட்டினேன்.

முதல் நாள் எட்டு சிலிண்டரும் சேர்ந்து உறுமியபோது கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே கவலையும் தொடங்கிவிட்டது.

ஐடிலில் நிற்க வேண்டுமென்றால் ஸ்பீடு ஸ்க்ரூவை ரொம்ப உள்ளே திருக வேண்டியிருக்கிறது. ஐடில் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் ஸ்க்ரூக்களை முழுக்க மூடினாலும் இன்ஜின் அசைந்து கொடுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் ஒரு கணம் மூச்சடைத்துவிட்டு அப்புறம்தான் எழுகிறது. எழுந்த பிறகும் இழுவை இல்லை. வண்டி நின்றால் வெப்பம் 230 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறுகிறது. நேற்று இரவு பானெட்டைத் திறந்து பார்த்தால் ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாய்கள் மங்கலான சிவப்பில் கனன்றுகொண்டிருந்தன. இன்டேக்கின் உறிஞ்சலைக் காட்டும் வேக்கம் கேஜ் 9 அங்குலத்தைத் தாண்டவில்லை.

டைமிங் லைட் வைத்துத்தான் செட் செய்தேன். வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு பார்த்தால், பொறி விழுவது பிஸ்டன் உச்சிக்கு ஐடிலில் 10 டிகிரி முன்பு, 3000 ஆர்பிஎம்மில் மொத்தம் 34. ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2 சரியாக இருக்கிறது. 5-ம் 7-ம் அடுத்தடுத்து எரிவதால் அந்த இரண்டு வயர்களையும் விலக்கியே ஓட்டியிருக்கிறேன்.

பெரிய ரேடியேட்டர் போடுவதா, கேமைக் கழற்றிப் பல்சக்கரம் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதா? இன்னொரு தடவை பிரிக்க மனசு வரவில்லை. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் பிரிக்கிறேன்.

எட்டுசிலிண்டர்:

வேக்கம் 9 என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரமாக, இன்ஜின் ஓடும்போது கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடித்துப் பாருங்கள். ஹெடர் பழுத்துச் சிவந்திருக்கிறதே, அதன் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐடில் ஏறி இறங்கினால் கசிவு அங்கேதான். அது இல்லையென்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் சிறிதாக இருக்கும். இரண்டு சைஸ் கூட்டிப் போடுங்கள்.

ஸ்பானர்12:

தம்பி, கசிவைப் பாருங்கள், அது நல்ல யோசனைதான். ஆனால் ஜெட்டைத் தொடாதீர்கள், ரேடியேட்டரும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் என் கண் நின்ற இடம் ஒன்றுதான்: பழைய டேம்பரைக் கழுவிப் பெயிண்ட் அடித்தேன் என்றீர்களே, அது.

அந்த டேம்பர் ஒரே இரும்பு இல்லை. நடுவில் கிராங்கோடு சேர்ந்த ஹப், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். ஐம்பது வருஷத்துக்கு மேல் எண்ணெயும் சூடும் குடித்த ரப்பர் காய்ந்து பிடி விட்டுவிடும். வளையம் மெல்ல நழுவும். டைமிங் கோடு இருப்பது அந்த வளையத்தில்தான். கோடு நகர்ந்துவிட்டால் டைமிங் லைட் பார்த்ததைத்தானே சொல்லும்? பத்து என்று காட்டும், உள்ளே பத்து இருக்காது. நழுவாவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. வேறு வருஷத்து டேம்பரும் வேறு வருஷத்து டைமிங் டேபும் (கோட்டை வைத்து டிகிரி படிக்க இன்ஜினில் பொருத்திய அளவுத் தகடு) ஜோடி சேர்ந்திருந்தால் பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது.

உங்கள் இன்ஜின் லேட் டைமிங்கில் ஓடுகிறது என்றே நினைக்கிறேன். பொறி தாமதமாக விழுந்தால் பிஸ்டன் கீழே போகும்போதும் எரிந்துகொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சூடு முழுக்கப் போர்ட்டுக்கும் ஹெடருக்கும் போகிறது. குழாய் சிவப்பதும் தண்ணீர் கொதிப்பதும் அதனால்தான். பெட்ரோலின் பலம் பிஸ்டனைத் தள்ளாமல் வெளியே போவதால் வேக்கமும் குறைவு, இழுவையும் குறைவு. இன்ஜின் நிற்காமல் இருக்க நீங்கள் த்ராட்டிலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அப்படித் திறந்ததில் த்ராட்டில் தகட்டின் ஓரமாக இருக்கும் பெட்ரோல் துளையான ட்ரான்ஸ்ஃபர் ஸ்லாட் முழுக்க வெளியே வந்துவிட்டது. பெட்ரோல் அந்த வழியாக வந்துகொண்டிருப்பதால் மிக்ஸர் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொடும்போது கைகொடுக்க வேண்டிய ஸ்லாட்டும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. மூச்சடைப்பு அங்கிருந்து வருகிறது. கார்புரேட்டர் பாவம், அதன் மேல் குற்றமில்லை.

நிஜமான பூஜ்யத்தைக் கண்டுபிடியுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், எட்டு பிளக்கையும் கழற்றுங்கள். ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு ராக்கர் நட்டையும் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் திறக்கும் வால்வு, பிஸ்டனைத் தடுக்க நீங்கள் திருகப்போகும் ஸ்டாப்பில் போய் முட்டும். பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் தொட்டு நின்றதும், டேபின் பூஜ்யத்துக்கு நேராக டேம்பரில் ஒரு கோடு. அப்புறம் எதிர்ப்பக்கம் சுற்றி, நின்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவே இருப்பதுதான் உண்மையான உச்சி. ஸ்டார்ட்டரை மட்டும் தொட்டுவிடாதீர்கள், பிஸ்டனில் ஓட்டை விழும்.

காமரோக்காரன்:

ஸ்பானர் அண்ணா, இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தேன். என் டேம்பர் 6.75 அங்குல விட்டம். கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வருகிறது. மாஸ்கிங் டேப் ஒட்டிப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, ஸ்கேல் வைத்து நடுவைக் குறித்தேன். பழைய கோடு அதிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. எட்டு டிகிரி! பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பழைய கோடு டைமிங் டேபில் 8-ல் நிற்கிறது. நான் பத்து என்று நம்பியது இரண்டு, 34 என்று நம்பியது 26. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி, விரிசல் விட்டிருக்கிறது. அதன் மேல் நானே அழகாகப் பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறேன்.

கசிவையும் பார்த்தேன், இல்லை. ராக்கரை மறுபடி பூஜ்ய லாஷுக்கு (இடைவெளி இல்லாத நிலைக்கு) இறக்கி அரைச் சுற்று கொடுத்தேன். புதிய கோட்டில் 10 டிகிரி வைத்ததும் ஐடில் தானாக 1300-க்கு ஏறியது. ஸ்பீடு ஸ்க்ரூவை வெளியே எடுத்துக்கொண்டே வந்து 800-க்குக் கொண்டுவந்தேன். வேக்கம் 14. இப்போது ஒரு மிக்ஸர் ஸ்க்ரூவை மூடினால் இன்ஜின் உடனே தடுமாறுகிறது. அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருபது நிமிஷம் நின்றபடியே ஓடவிட்டேன், 190-ஐத் தாண்டவில்லை.

லிஃப்டர்:

நல்ல செய்தி. ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். கேம் பிரேக்-இன் (புதுக் கேமையும் லிஃப்டரையும் முதல்முறை ஓட்டிப் பழக்குவது) எப்படிச் செய்தீர்கள்? லேட் டைமிங்கில் சூடேறி, பாதியில் நிறுத்தினீர்களா? ஃப்ளாட் டாப்பெட்டில் முதல் இருபது நிமிஷம் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கக் கூடாது. கேமின் மேடான லோபுக்கும் லிஃப்டருக்கும் கிராங்க் வீசியடிக்கும் எண்ணெய்தான் உயிர். லிஃப்டர் சுழன்றுகொண்டே அமர வேண்டும். சுழலாமல் நின்ற லிஃப்டர் லோபைத் தின்றுவிடும். துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய்தானே ஊற்றினீர்கள்?

காமரோக்காரன்:

பிரேக்-இன் எண்ணெய்தான், துத்தநாகம் உள்ளது. ஆனால் நீங்கள் நினைத்தது சரி, பன்னிரண்டாவது நிமிஷத்தில் சூடு பார்த்துப் பயந்து நிறுத்தினேன். ஆறியதும் மறுபடி 2200-ல் வைத்து மிச்சத்தை முடித்தேன்.

லிஃப்டர்:

நிறுத்தி ஆறவிட்டது சரி, ஐடிலில் விட்டு ஆற்றியிருந்தால்தான் தப்பு. இருந்தாலும் எண்ணெயை மாற்றிவிட்டு ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் சாய்த்தால் தெரியும். மெல்லிய சாம்பல் பூச்சு பரவாயில்லை, அது அசெம்பிளி பேஸ்ட். ஊசிபோலத் துகள் மின்னினால் வால்வு கவரைத் திறந்து, ஒவ்வொரு புஷ்ராடும் எவ்வளவு எழுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த லோப் போய்விட்டது.

ஸ்பானர்12:

அந்த டேம்பரோடு வேகம் எடுக்காதீர்கள் தம்பி. வளையம் கழன்றால் ரேடியேட்டரை அறுத்துக்கொண்டு போகும். புதியது மாட்டும்போது சுத்தியலால் அடிக்காமல் அதற்கான இன்ஸ்டாலரால் இழுத்து அமர்த்துங்கள், கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் அடி வாங்கக் கூடாது. மாட்டியதும் பிஸ்டன் ஸ்டாப்பை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், புதுக் கோடும் உங்கள் டேபுக்குப் பொருந்த வேண்டுமே.

காமரோக்காரன்:

ஃபில்டரை வெட்டிவிட்டேன். சாம்பல் பூச்சு மட்டும்தான், காந்தம் வைத்தும் ஒன்றும் ஒட்டவில்லை. புது டேம்பர் வரும்வரை வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கும்.