பிளக் (pluck) என்றால் பறிப்பதா, பிடுங்குவதா?

கேள்வி: குன்னூரில் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையை எஸ்டேட்டில் பிளக்கிங் என்பார்கள். மகளின் பாடத்தில் கோழி இறகுக்கும் அதே சொல் வருகிறதே, எது சரி?

பதில்: இரண்டும் சரிதான் அண்ணா. சட்டென இழுத்தெடுப்பதுதான் அடிப்படைப் பொருள். நாம் கொழுந்தைக் கிள்ளுவோம், இறகைப் பிடுங்குவோம், வீணைத் தந்தியை மீட்டுவோம், ஆங்கிலத்தில் எல்லாமே பிளக். பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். முடியைக் குறிக்கும் லத்தீன் 'பிலுஸ்' வரை அதன் வேர் போகலாம் என்கின்றன அகராதிகள்.

இன்னொரு பதில்: அறுத்த ஆட்டிலிருந்து சேர்த்து இழுத்தெடுக்கும் இதயம், ஈரல், நுரையீரலுக்கும் பிளக் என்றே பேர், துணிச்சல் என்ற பொருள் அதிலிருந்து வந்தது. நமக்கு ஈரக்குலை நடுங்கினால் பயம் அல்லவா, அதே இடம்தான்!

கேட்டவர்: நன்றி. அம்மா இரண்டு இலை ஒரு மொட்டை விரல் நுனியில் ஒடிப்பதைப் பார்த்தால், பிடுங்குவது என்று சொல்ல மனசு வராது.