மேட்டூர் ஆற்றங்கரையில் தனியாகத் தூண்டில் போடும் பெண்கள் இருக்கிறீர்களா? என்ன முன்னெச்சரிக்கை எடுக்கிறீர்கள்?

தூண்டில்காரி, அம்மாபேட்டை:

சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. இப்போது முழங்கால் வலியால் அவரால் வர முடிவதில்லை. அதனால் நான் மட்டும் ஓமலூர், மேச்சேரி வழியாக ஸ்கூட்டரில் மேட்டூர் போய்விடுவேன். மூங்கில் கழி ஒன்று, ரீல் வைத்த ராடு ஒன்று, ஒரு டப்பா மண்புழு. பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டைதான் மாட்டும், எப்போதாவது கெளுத்தி.

அணைப் பூங்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. அதனால் கூட்டத்தைத் தாண்டி, ஒற்றையடிப் பாதை முடிகிற இடத்தில் உட்காருவது வழக்கம். போன வாரம் அங்கே பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். "மீன் கிடைத்ததா?" என்று தொடங்கி, "எந்த ஊர்?", "தனியாகவா வந்திருக்கிறீர்கள்?" என்று பேச்சு நீண்டது. மற்றவர் போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தார். எடுக்காதீர்கள் என்றேன். இருவரும் சிரித்தார்கள். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தொடவில்லை, மிரட்டவில்லை. ஆனாலும் மேச்சேரி வரும்வரை கை நடுங்கியது.

வீட்டில் சொன்னால் அன்றோடு தூண்டிலைப் பரணில் போட்டுவிடுவார்கள். "போகாதீர்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஆற்றுக்குள் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. தண்ணீர் குறைந்திருக்கும்போது நடந்தே போய்விடலாம். அங்கே உட்கார்ந்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் அல்லவா? மிளகு ஸ்பிரேயும் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

விரால் பிரியன்:

சகோதரி, ஸ்பிரே கட்டாயம் வாங்குங்கள். நாங்கள் சில பேர் குடும்பத்தோடு பூலாம்பட்டிக்குப் போவோம். படகுத்துறைப் பக்கம் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். என் மனைவியும் தூண்டில் போடுவாள். விருப்பமிருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஆற்றோரத்து அக்கா, மேட்டூர்:

கண்ணு, பூங்காவுக்குப் பக்கத்தில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் நானும் கரையில் தூண்டிலோடு உட்காருகிறவள்தான். அதனால் போகாதே என்று நான் சொல்லமாட்டேன்.

முதலில் அந்தப் பாறைத் திட்டு யோசனையை விட்டுவிடு. தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். மனிதர்களைப் பற்றி நான் சொல்கிறேன். நீ போய் உட்கார்ந்த மூலைக்குப் பாட்டிலோடு வருகிற கும்பலை எனக்குத் தெரியும். போலீஸ் கண்ணில் படாத இடம் என்றுதான் அவர்கள் அங்கே வருகிறார்கள். நீ அமைதிக்காகப் போகிறாய், அவர்கள் மறைவுக்காக வருகிறார்கள், இடம் ஒன்றாகிவிடுகிறது. யாரும் வராத இடம் என்று நீ நினைப்பது, கூப்பிட்டால் யாருக்கும் கேட்காத இடமும்தான்.

அணைக்கட்டு முனியப்பன் கோவிலுக்கு வருகிறவர்கள் ஞாயிறன்று கிடா வெட்டி, அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் பார்த்திருப்பாய். அந்தப் பெண்கள் பாத்திரம் கழுவுகிற துறைக்குச் சற்றுத் தள்ளி உட்கார். பிள்ளைகள் கத்துவார்கள், தண்ணீரில் கல் எறிவார்கள், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சோற்றுப் பருக்கைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் ஜிலேபி அங்கேதான் கூடுகிறது. உன் ஒற்றையடிப் பாதை முனையைவிட மீன் அதிகமாகவே மாட்டும், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உட்காருகிற விதம். தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதை முழுவதும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பின்னால் ஒருவன் வந்து உட்காரும்வரை உனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். ராடைத் தாங்கியில் சாய்த்து, நுனியில் சின்ன மணியைக் கட்டிவிடு. தூண்டில் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். மீன் இழுத்தால் காது சொல்லிவிடும், கண் பாதையைப் பார்க்கலாம். கரைக்கு நேராக உட்காராமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார். காதில் பாட்டு வேண்டாம்.

ஸ்பிரே வாங்குவது உன் விருப்பம். ஆனால் ஆற்றுக்காற்று எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, எதிர்க்காற்றில் அடித்தால் உன் கண்தான் எரியும். அதைவிட எழுந்து நிற்பதைப் பழகிக்கொள். அறிமுகமில்லாதவன் பத்தடிக்குள் வந்தால் உடனே எழுந்துவிடு. தரையில் குந்தியிருப்பவளிடம் பேசுகிற துணிச்சல், நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பவளிடம் பாதியாகக் குறையும். சரியில்லை என்று மனதுக்குப் பட்டால் தூண்டில் நரம்பைக் கத்தரித்துவிட்டு நட. ஒரு முள்ளும் ஈயக்குண்டும் போனால் போகட்டும். ஸ்கூட்டர் சாவி பையில் கிடக்கக் கூடாது, உன் உடம்பில் இருக்க வேண்டும்.

படம் எடுத்தானே, அதை "தொடவில்லை" என்று சொல்லிச் சின்னதாக்காதே. வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணைப் பொது இடத்தில் தொல்லை செய்வதற்கு 1998ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. இன்னொரு முறை நடந்தால் பைக் எண்ணை உரக்கப் படித்து உன் போனில் பதிவு செய். பிறகு அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடு. உன் வீட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், சம்பவம் மேட்டூரில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. குடிக்க வருகிறவனுக்கு அந்தக் கரையில் இருக்கிற உரிமையைவிட உனக்கு அதிகமாகவே இருக்கிறது. பொது இடத்தில் குடிக்க அவனுக்கு உரிமையே கிடையாது.

பழைய மதகுக்காரன்:

அம்மா, நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கா விட்டுவைத்ததை நான் சொல்கிறேன்.

உபரி நீர் என்றால் பதினாறு கண் மதகு திறக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இருக்கிறார்கள். டெல்டாவுக்கான தண்ணீர் அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் வழியாகவும் ஆற்றுக்குள் வருகிறது. மதகு மூடியிருக்கும்போதே திறப்பின் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். காலையில் கணுக்கால் நனையாமல் நடந்து போன திட்டுக்கு மத்தியானம் இடுப்பளவுத் தண்ணீரில் திரும்ப வேண்டியிருக்கும். பாசி பிடித்த பாறையில் முழங்கால் உயர நீரோட்டமே ஆளைச் சாய்த்துவிடும்.

மேட்டூரில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்திருக்கும். கபினி, கிருஷ்ணராஜ சாகர் இரண்டும் நிரம்பினால் ஒகேனக்கல் வழியாக அத்தனையும் இங்கேதான் வந்து சேரும். 2024 ஜூலை இறுதியில் அணை 120 அடியைத் தொட்டபோது விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வெளியேறியதை ஊரே பார்த்தது. அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. நிரம்பிய பிறகு வருகிற தண்ணீரை நிறுத்தி வைக்க வழியில்லை, அப்படியே கீழே விட்டாக வேண்டும். கிளம்புகிற அன்று காலையில் நாளிதழிலோ செய்தியிலோ நீர்மட்டம், நீர்வரத்து, நீர்த்திறப்பு மூன்றையும் பாருங்கள்.

கரையில் உட்கார்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்தி வையுங்கள். குச்சியின் அடி நனைந்தால், நுரையும் சருகும் மிதந்து வந்தால், தெளிந்த நீர் கலங்கினால், மீன் மாட்டியிருந்தாலும் மேலே ஏறிவிடுங்கள். சங்கொலி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. மேட்டூரில் எங்கே பார்த்தாலும் உயர் அழுத்த மின்கம்பிகள். உங்கள் ரீல் ராடு கார்பன் என்றால் மின்சாரம் பாயும். கம்பிக்கு அடியில் ராடை நிமிர்த்தி வீசாதீர்கள். இடி இடித்தாலும் மடக்கிக் கீழே வைத்துவிடுங்கள்.

தூண்டில்காரி, அம்மாபேட்டை:

எல்லோருக்கும் நன்றி. மின்நிலையத் தண்ணீர் பற்றி அப்பாவிடம் கேட்டேன். அதனால்தான் உன்னை ஒரு நாளும் திட்டுக்குக் கூட்டிப்போகவில்லை என்றார். கேட்ட வேகத்தில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அந்த மணியைத் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

அக்கா, "தனியாகவா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு வாய் அடைத்துப்போகிறது.

ஆற்றோரத்து அக்கா, மேட்டூர்:

உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை. "அண்ணன் டீ வாங்கப் போயிருக்கிறார்" என்று உரக்கச் சொல், நாலு பேருக்குக் கேட்கட்டும். எந்த ஊர் என்றால் மேட்டூர் என்று சொல். சொல்லிக்கொண்டே போனை எடுத்துப் பேசத் தொடங்கிவிடு. வந்ததும் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை எட்டு மணி நேரத்துக்கு அப்பாவுக்குப் பகிர்ந்துவிடு. மீனோடு படம் போடுவதாக இருந்தால் வீட்டுக்குப் போன பிறகு போடு, கரையில் இருந்துகொண்டு போடாதே.

வண்டியை என் கடை முன்னால் நிறுத்திக்கொள். பூங்கா வாசலில் மீன் கடை அக்கா என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பரிசல்காரர்களிடமும் பக்கத்துக் கடைப் பெண்களிடமும் உன்னை அறிமுகப்படுத்தி வைக்கிறேன். இரண்டு ஞாயிறு முகம் பழகிவிட்டால், உன் பக்கத்தில் எவனாவது போய் உட்கார்ந்தால் அவர்களே குரல் கொடுப்பார்கள். மீன் நன்றாகக் கடிக்கிறது என்று இருட்டும்வரை உட்காராதே, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடு. மேச்சேரி ரோட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் ஓடுகின்றன, அந்தத் தூசியில் இருட்டிய பிறகு ஸ்கூட்டர் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.